காதுக்கு மட்டும் கொஞ்சம் எக்கோ!

குளியலறையில் பாடாத ஆண்மகன் இருந்தால் கை தூக்குங்கள்... ம்ஹூம், ஒருத்தரையும் காணோம்! தலையில் ரெண்டு சொம்பு தண்ணீர் விழுந்ததும் நமக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் யேசுதாஸ் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து அதே பாட்டை எடுத்தால் தெருநாய் குரைக்கிறது. பாட்டும் அதே, ஆளும் அதே. நடுவில் யேசுதாஸ் எங்கே போனார்?

சுவரிலேயே தங்கிவிட்டார் ஸார்! வழவழ டைல்ஸ் நம் குரலை உறிஞ்சிக்கொள்வதில்லை. வாங்கிய வேகத்தில் திருப்பி அடிக்கிறது. எதிர்ச் சுவரும் அடிக்கிறது. இப்படி மாறி மாறி அடிப்பதில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பின்னால் ஒரு வால் முளைக்கிறது. நம் பிசிறையெல்லாம் அந்த வால் மூடி மறைத்துவிடுகிறது. ரிக்கார்டிங் பாஷையில் இதற்குப் பெயர் 'ரிவர்ப்'. நம்மூர் மைக்செட்காரர் எல்லாவற்றையும் 'எக்கோ' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். ரெண்டும் வேறு. 17 மீட்டர் தள்ளி இருக்கிற சுவரைப் பார்த்து 'டேய்' என்று கத்தினால், சத்தம் போய்த் திரும்ப 34 மீட்டர். பத்தில் ஒரு வினாடி. தனியாக ஒரு 'டேய்' திரும்பி வரும். அது எக்கோ. சுவர்கள் கிட்டக்கவே இருந்தால் ஆயிரம் குட்டி எதிரொலிகள் ஒன்றோடு ஒன்று கலந்து சாம்பிராணிப் புகை மாதிரி நிற்கும். அது ரிவர்ப்.

இந்த பாத்ரூம் ரகசியத்தை 1947-லேயே ஒரு மனிதர் காசாக்கிவிட்டார். சிகாகோவில் பில் பட்னம் என்ற இன்ஜினியர். ஹார்மோனிகேட்ஸ் என்ற மவுத்ஆர்கன் கோஷ்டியின் 'பெக் ஓ மை ஹார்ட்' ரிக்கார்டிங். ஸ்டூடியோவின் பாத்ரூமுக்குள் ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக். வாசிப்பை ஸ்பீக்கர் வழியாக பாத்ரூமுக்கு அனுப்பி, அங்கே சுவரில் மோதி வந்ததை மைக்கில் பிடித்துக் கலந்தார். ரிக்கார்டு பிய்த்துக்கொண்டு விற்றது. பாப் இசையில் வேண்டுமென்றே செயற்கை ரிவர்ப் கலந்த முதல் பதிவு என்று அதைத்தான் சொல்கிறார்கள். ரிக்கார்டிங் முடிகிறவரை கோஷ்டிக்காரர்கள் அவசரத்துக்கு எங்கே போனார்களோ, சரித்திரம் மௌனம் சாதிக்கிறது.

பத்து வருஷம் கழித்து, 1957-ல் ஜெர்மனிக்காரர்கள் பாத்ரூமை விடுதலை செய்தார்கள். ஈ.எம்.டி. 140 என்று ஒரு பெட்டி. உள்ளே ரெண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் மெல்லிய எஃகுத் தகடு தொங்கும். குரலால் அந்தத் தகட்டை அதிரவைத்து, அதிர்வை மறுபடி சத்தமாக எடுத்துக்கொள்வார்கள். எடை சுமார் 270 கிலோ! 1976-ல் அதே கம்பெனி டிஜிட்டல் ரிவர்ப் கொண்டுவந்தது. இன்றைக்கு நம் சட்டைப்பை செல்போனில் ஓசியாகக் கிடைக்கிறது.

பி.காம். படித்தவனுக்கு எதற்கு இந்தக் கதையெல்லாம் என்று கேட்பீர்கள். எனக்கு டெபிட் தெரியும், கிரெடிட் தெரியும். டெசிபல் கற்றுக்கொடுத்தது மாமா. அம்மாவோடு பிறந்தவர். மதுரையில் ஒரு தையல்கடைக்கு மாடியில், பன்னிரண்டுக்குப் பத்து அடி அறையில் ரிக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். சுவரெல்லாம் பழைய இலவம்பஞ்சு மெத்தை. இளமையில் லைட் மியூசிக் கோஷ்டிகளுக்கு சவுண்ட் போட்டவர். திருவிழாக் கச்சேரி ராத்திரி ஒன்பதுக்கு ஆரம்பித்தால் விடியற்காலை மூன்று வரை மிக்ஸர் முன்னால் நின்றபடியே இருப்பார்.

மிக்ஸர் என்றதும் ஓமப்பொடியும் வறுத்த கடலையும் ஞாபகம் வந்தால் நீங்கள் நம் ஆள். ஆனால் இது வேறு. பதினாறு சேனல் அனலாக் மிக்ஸர். செகண்ட் ஹாண்டில் வாங்கியது. குமிழ்கள் மட்டும் நூற்றைம்பதுக்கு மேல். 'கம்ப்யூட்டர் வந்தாச்சு, இதைக் கடாசுங்க மாமா' என்று சொல்லாத ஆளில்லை. மாமாவும் கம்ப்யூட்டரில்தான் பதிவு செய்கிறார். (ஆனாலும் 'டேப் ஓடுது' என்றுதான் சொல்வார்.) மிக்ஸரை மட்டும் விடமாட்டார். காரணம் இருக்கிறது. குரல் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சுற்றி பாடுகிறவர் காதுக்கு வருவதற்குள் சில மில்லி வினாடி தாமதமாகிவிடும். சில பேருக்கு அந்தத் துளி தாமதமே தொண்டையை அடைக்கும். அனலாக் மிக்ஸரில் அந்தத் தாமதம் கிடையாது. மின்சாரம் உள்ளே போன கையோடு வெளியே!

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே எடுபிடி. மாமாவுக்கு 2023-லேயே அறுபத்து மூன்று. வயதானால் காது முதலில் இழப்பது மேல் ஸ்தாயிச் சத்தங்களைத்தான். 'ஸ்ஸ்' என்பது அவருக்கு இப்போது மழுங்கித்தான் கேட்கிறது. 'மாப்ளே, 'ச' குத்துதா பாரு' என்பார். நான் கேட்டுச் சொல்வேன். அதற்குக் கூலி டீயும் உளுந்தவடையும்.

மிக்ஸரை முதன்முதலில் பார்த்தால் தலை சுற்றும். எனக்குச் சுற்றவில்லை. காரணம், அது ஒரு ஆபீஸ்! ஒவ்வொரு சேனலும் ஒரு குமாஸ்தா. மைக்கிலிருந்து வருகிற மில்லிவோல்ட்டுகள்தான் சம்பளம். மேலிருந்து கீழே வாருங்கள்.

முதலில் 'கெயின்'. வேலையில் சேரும்போது சம்பளம் பேசுகிற இடம். இங்கே குறைத்துப் பேசிவிட்டால் பின்னால் எத்தனை ஏற்றினாலும் கூடவே 'உஸ்' என்ற இரைச்சலும் ஏறும். அதிகமாகப் பேசிவிட்டாலோ கரகர. ஆரம்பத்தில் சரியாகப் பேசுகிறவன் பிழைத்தான்.

அடுத்தது 'இன்சர்ட்'. மாசம் ஒண்ணாம் தேதி சம்பளக் கவரைப் பிரிக்காமல் மனைவி கையில் கொடுப்பீர்களே, அதேதான்! முழு சிக்னலும் வெளியே போகும். வெளியே இருக்கும் 'கம்ப்ரஸர்' என்கிற கருவி வரம்பு மீறிய ஆட்டத்தை அமுக்கி, கட்டுக்கு அடங்கிய ஆளாகத் திருப்பி அனுப்பும். பெரும்பாலான மிக்ஸர்களில் போவதும் வருவதும் ஒரே துளை வழியாக. திரும்பி வருகிற கம்பி அறுந்துபோனால் சேனலில் நிசப்தம். வீட்டு நிலைமையும் அதுவே.

பிறகு 'ஈக்யூ'. பேஸ், டிரெபிள் சமாச்சாரம். அதற்கும் கீழே 'ஆக்ஸ்' குமிழ்கள். சூட்சுமமெல்லாம் இங்கேதான். ஆக்ஸில் சிக்னல் முழுசாகப் போகாது. கார்பன் காப்பிதான் போகும். அசல் அதன் பாட்டுக்கு ஃபேடருக்கு இறங்கும். காப்பியை எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். பதினாறு சேனலின் காப்பியும் ஒரே ரிவர்ப் பெட்டிக்குப் போகலாம். ஆளுக்கொரு பெட்டி வாங்க வேண்டாம். அதனால்தான் ரிவர்ப்பை இன்சர்ட்டில் போடாமல் ஆக்ஸில் போடுகிறார்கள்.

ஆக்ஸிலும் ரெண்டு ஜாதி. ஒன்று, ஃபேடருக்குப் பின்னால் பிடிக்கிற காப்பி. அது பி.எஃப். மாதிரி. சம்பளத்தில் இத்தனை சதவீதம். சம்பளம் குறைந்தால் பிடித்தமும் குறையும். ரிவர்ப்புக்கு இதுதான் சரி. குரலை இறக்கினால் ரிவர்ப்பும் கூடவே இறங்க வேண்டுமே! இல்லாவிட்டால் ஆள் மறைந்து ஆவி மட்டும் சுற்றும், பேய்ப்படம் மாதிரி. இன்னொன்று, ஃபேடருக்கு முன்னாலேயே பிடிக்கிற காப்பி. இது வீட்டு வாடகை. உங்களுக்குச் சம்பளம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? அது அது பாட்டுக்குப் போகும். பாடுகிறவர் ஹெட்போனுக்கு இதுதான் தோது. இன்ஜினியர் ஃபேடரை ஏற்றி இறக்கி விளையாடினாலும் பாடுகிறவர் காதில் அளவு மாறாது.

கடைசியில் எந்த 'குரூப்'புக்குப் போவது என்று பட்டன்கள். எந்த செக்‌ஷன், எந்த மேனேஜர். எல்லா குரூப்பும் போய்ச் சேருகிற இடம் 'மாஸ்டர்', அதாவது எம்.டி. அறை. அவ்வளவுதான் மிக்ஸர். இதைப் புரிந்துகொள்ள இன்ஜினியரிங் எதற்கு? மூணு வருஷம் ஆபீஸில் குப்பை கொட்டினால் போதும்!

இத்தனை விளாவாரியாகச் சொல்வதற்குக் காரணம் ஒரு அக்கா.

அந்தக் காலத்து கோஷ்டி வட்டாரத்தில் எல்லோருக்குமே அவர் 'அக்கா'தான், என்னையும் சேர்த்து. எண்பதுகளில், தொண்ணூறுகளில் மேடை மேடையாகப் பாடியவர். உச்சஸ்தாயியில் அவர் நின்றால் பட்டாசு விற்கிறவன் கூட வியாபாரத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பான் என்று மாமா சொல்வார். 2019-ல் தைராய்டு ஆபரேஷன். நோய் குணமாகிவிட்டது. ஆனால் குரல்வளைக்குப் போகும் மெல்லிய நரம்புகள் அந்தச் சுரப்பியை ஒட்டித்தான் ஓடுகின்றன. சில பேருக்கு அதற்குப் பிறகு மேல் ஸ்வரங்கள் எட்டாமல் போவதுண்டு. அக்காவுக்கு அப்படித்தான் ஆயிற்று. நாலு வருஷமாக வீட்டில் முணுமுணுப்பது கூட இல்லையாம்.

2023 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை படியேறி வந்தார். மகளுக்கு வெளிநாட்டில் குழந்தை பிறந்து ரெண்டு மாசம். 'எனக்குப் பாடின தாலாட்டைப் பாடி அனுப்பும்மா' என்று மகள் நச்சரிக்கிறாள். அக்காவின் அம்மா பாடிய தாலாட்டு. எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அக்காவோடு போனால் போயிற்று.

"வீட்லயே போன்ல பாடிப் பாத்தேண்ணே. அழிச்சுட்டேன். நீங்க இருந்தா வரும்னு தோணுச்சு."

மாமா ஒன்றும் பேசவில்லை. ஸ்ருதிப் பெட்டியை அக்காவின் பழைய ஸ்ருதியிலிருந்து ஒன்றரைக் கட்டை இறக்கி வைத்தார். மைக்கைச் சரிசெய்தார். ஹெட்போனை மாட்டிவிட்டார். ஒண்ணாம் சேனல் வழியாக 'டேப்'புக்கு. எந்த எஃபெக்டும் இல்லாமல், பச்சையாக.

அக்கா ரெண்டு வரி பாடினார். நிறுத்தினார். மறுபடி எடுத்தார். முதல் வரியிலேயே நிறுத்தினார். மூன்றாம் தடவை மூச்சு மட்டும் வந்தது, பாட்டு வரவில்லை. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அண்ணே, யாரோ ஒரு கிழவி பாடுற மாதிரி இருக்கு. வேணாம், விட்ருவோம்."

மெத்தை ஒட்டிய அறை. காதோடு ஒட்டிய ஹெட்போன். சுவரிலிருந்து ஒரு துளி சத்தம் திரும்பாது. ஒவ்வொரு நடுக்கமும் பூதக்கண்ணாடி வைத்த மாதிரி கேட்கும். நல்ல குரலுக்கே அது கொடுமை. 'அதெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு' என்று மாமா சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. பாடகிக்குத் தெரியாதா, எது நல்லா இருக்கிறது என்று? எழுந்து மிக்ஸருக்குப் பின்பக்கம் போனார்.

"மாப்ளே, டார்ச்சைப் பிடி. ரிவர்ப் பெட்டிலேர்ந்து வர்ற ரெண்டு வயரையும் பிடுங்கி 15-லயும் 16-லயும் சொருகு."

சொருகினேன். ரிவர்ப் பெட்டியிலிருந்து திரும்பி வருகிற சத்தத்துக்கு மிக்ஸரில் தனி வாசல் உண்டு. மாமா அதை விட்டுவிட்டு அந்தச் சத்தத்தையே ரெண்டு புதிய குமாஸ்தாக்களாக வேலைக்குச் சேர்த்தார். இப்போது ரிவர்ப்புக்கும் தனி ஃபேடர், தனி ஈக்யூ, தனி ஆக்ஸ். அப்புறம் நாலே வேலைதான்.

அக்காவின் ஒண்ணாம் சேனலில், ரிவர்ப் பெட்டிக்குப் போகும் நாலாம் ஆக்ஸைப் பாதிக்குத் திறந்தார். ரிவர்ப் வருகிற 15, 16-ல் ஹெட்போனுக்குப் போகும் முதல் ஆக்ஸைத் திறந்தார். அதே 15, 16-ல் நாலாம் ஆக்ஸ் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று ரெண்டு தடவை தொட்டுப் பார்த்தார். அது திறந்திருந்தால் ரிவர்ப் திரும்ப ரிவர்ப்புக்குள்ளேயே போய், கடனுக்கு வட்டி கட்டக் கடன் வாங்கிய கதையாகக் குட்டி போட்டு ஊளையிடும். கடைசி வேலைதான் முக்கியம். 15, 16-ல் 'டேப்'புக்குப் போகும் குரூப் பட்டனை அமுக்காமலே விட்டார்.

புரிகிறதா? ரிவர்ப், அக்காவின் காதுக்கு மட்டும். பதிவில் ஒரு சொட்டு கிடையாது!

கூடவே ஒண்ணாம் சேனலில் முதல் ஆக்ஸையும் சற்று ஏற்றினார். நம் குரல் நமக்கே சரியாகக் கேட்காவிட்டால் தன்னையறியாமல் கத்துவோம். இரைச்சலான இடத்தில் குரல் தானாக உயர்வதைப் பற்றி எதியென் லொம்பார் என்கிற பிரெஞ்சு டாக்டர் 1911-லேயே எழுதிவிட்டார். டவுன் பஸ்ஸில் செல்போன் பேசுகிறவரைப் பாருங்கள், அவர்தான் நடமாடும் நிரூபணம். இதைத் திருப்பிப் போட்டால், காதில் தன் குரல் தாராளமாகக் கேட்கிறவர் தானாக மெதுவாகப் பாடுவார். தொண்டையை வருத்தமாட்டார். அக்காவுக்கு வேண்டியது அதுதான்.

"தங்கச்சி, திருமலை நாயக்கர் மகால்ல நிக்கிறதா நெனச்சுக்க. ஒரு தடவை, எனக்காக."

மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். 1636-ல் கட்டிய மகால். அந்தத் தூண்களுக்கு நடுவே நின்று கை தட்டினால் கல்லும் சுதையும் திருப்பிச் சொல்லும்.

அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு "ம்..." என்று ஒரு தடவை முனகிப் பார்த்தார். அந்த 'ம்'முக்கு வால் முளைத்திருக்க வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடினார். பாடினார்.

நாலு நிமிஷம். நடுவில் ஒரு இடம், பழைய உச்சம். அங்கே குரல் ஏறவில்லை. ஆனால் இந்தத் தடவை அவர் நிறுத்தவில்லை. கீழ் ஸ்வரத்தைப் பிடித்து வழுக்கிக்கொண்டு வந்து அடுத்த வரியில் சேர்ந்துகொண்டார், மேடையில் நூறு முறை சமாளித்த அனுபவம் பேசியது. மாமா ஃபேடரில் வைத்த விரலை எடுக்கவே இல்லை. கீழே தையல் மெஷின் சத்தம் கூட நின்றிருந்தது என்று எழுத ஆசைதான். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு.

முடிந்ததும் அக்காவைக் கூப்பிட்டு மாமா ரெண்டு மாதிரி போட்டுக் காட்டினார். முதலில் ரிவர்ப்போடு. கோயில் பிராகாரத்தில் பாடின மாதிரி, கேட்கவே கம்பீரம். அடுத்தது ரிவர்ப் ஃபேடரைக் கீழே இறக்கி, பச்சையாக. மூச்சு கேட்டது. எச்சில் விழுங்குவது கேட்டது. அந்த வழுக்கலும் கேட்டது.

"எதைம்மா அனுப்பட்டும்?"

ரிவர்ப்போடு இருப்பதைத்தான் கேட்பார் என்று நான் மனசுக்குள் பந்தயமே கட்டிவிட்டேன். அக்கா ரெண்டாவதை இன்னொரு தடவை போடச் சொன்னார். கடைசி வரை கேட்டார்.

"இதையே அனுப்புங்கண்ணே. அது தள்ளி நின்னு பாடுற மாதிரி இருக்கு. தூங்குற புள்ளைக்கு மகால் எதுக்கு? மடி போதும்."

மாமா என்னைப் பார்த்தார். மிக்ஸிங்கின் முதல் பாடத்தை அக்கா தன் வழியில் சொல்லிவிட்டார். ரிவர்ப் ஏற ஏறக் குரல் தூரம் போகும், குறையக் குறையப் பக்கத்தில் வந்து உட்காரும். பாட்டு பஸ்ஸ்டாண்டு வரை கேட்க வேண்டுமானால் ஒரு கணக்கு. ஒரே ஒரு குழந்தைக்குக் கேட்க வேண்டுமானால் வேறு கணக்கு.

அக்கா போனதும் நான் சும்மா இருக்காமல் கேட்டேன்.

"மாமா, அக்காவுக்குத் தெரியாம காதுல மட்டும் ஏத்தி விட்டீங்களே, இது ஏமாத்து வேலை இல்லையா?"

"தெரியாமயா? பதினஞ்சு வருஷம் மேடைல மானிட்டர் கேட்டவடா அவ! மொத 'ம்'லயே கண்டுபிடிச்சிருப்பா. சொல்லலை, அவ்வளவுதான்." டீயை உறிஞ்சினார். "கண்ணு மங்கலானவரைக் கையப் பிடிச்சு ரோட்டைத் தாண்ட வச்சா, நடந்தது யாரு? நீயா, அவரா?"

எனக்கென்னவோ இது மிக்ஸர் சமாச்சாரத்தோடு முடிகிற விஷயமாகத் தெரியவில்லை. ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன் முதல் ரிப்போர்ட்டை நடுக்கத்தோடு நீட்டுகிறான். அதை நாமே திருத்தி எழுதிப் பளபளப்பாக்கி மேலே அனுப்புவது ஒரு வழி. அது 'டேப்'பில் எஃபெக்ட் போடுவது. அவன் காதுக்கு மட்டும் ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டு அவனையே எழுதவிடுவது இன்னொரு வழி. ரெண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு பட்டன்தான். எந்த குரூப்புக்கு அனுப்புகிறோம் என்கிற பட்டன்!

மாமாவின் கணக்கு நோட்டை வருஷக் கடைசியில் சரிபார்ப்பது என் வேலை. பி.காமுக்கு ஏதாவது உபயோகம் வேண்டுமே! அந்த டிசம்பர் பக்கத்தைப் புரட்டினேன். தேதிக்கு நேரே மாமாவின் கோழிக்கிறுக்கலில் இருந்தது: 'தாலாட்டு - 1. எஃபெக்ட் - காதுக்கு மட்டும்.' தொகை என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை.

"இதை எந்தத் தலைப்புல மாமா எழுதறது? வரவா, செலவா?"

மாமா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"கையிருப்புன்னு போடு மாப்ளே!"